பஸ் பிடிப்பதா, ஆயாவை அழைப்பதா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்கு ஊர் வரலாறு காட்ட நான்கு வழிகள்

ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டு அதியமான் யார் என்று கேளுங்கள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவர் என்று பட்டென்று சொல்லும். உன் தாத்தா எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், பலகையில் எழுதினாரா நோட்டில் எழுதினாரா என்று கேட்டால் முழிக்கும். அந்தக் காலத்துத் தருமபுரியான தகடூரின் தலைவனைத் தெரிந்த பிள்ளைக்குத் தன் தெருவின் ஐம்பது வருடம் தெரியவில்லை.

இதைச் சரிசெய்ய நினைக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். கையில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது, கொஞ்சம் பணம் இருக்கிறது, நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்கு பஸ் எடுப்பதா? ஊர் எல்லையில் இருக்கிற நடுகல்லுக்கு, அதாவது சண்டையில் செத்த வீரனுக்காக நட்ட கல்லுக்கு, நடத்திக் கூட்டிப்போவதா? வகுப்புக்கு ஒரு பெரியவரை, நம் ஊர் வழக்கில் ஒரு ஆயாவை (பாட்டியை), அழைப்பதா? இல்லை, பள்ளியிலேயே ஒரு நாள் 'அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம்' நடத்திவிடலாமா? பெரும்பாலான பள்ளிகள் பஸ்ஸில்தான் தொடங்குகின்றன. எங்கள் கணக்கில் அது கடைசியில் வர வேண்டியது. ஏன் என்று கீழே பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, பிள்ளையின் கை என்ன செய்கிறது என்பது. பார்த்ததும் கேட்டதும் இரண்டு நாளில் போய்விடும். எழுதிய, தேய்த்த, எண்ணிய விஷயம் நிற்கும்.

இரண்டாவது வயசு. எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 'ஆயிரம் வருடத்துக்கு முன்' என்பதும் 'தாத்தா சின்னப் பையனா இருந்தப்போ' என்பதும் ஒன்றுதான். கல்வெட்டு முன் நிறுத்தினால் கல்லைப் பார்க்காது, பக்கத்தில் ஓடும் ஓணானைப் பார்க்கும்.

மூன்றாவது, வெளியே தெரியாத செலவு. பஸ் வாடகை எல்லோருக்கும் தெரியும். வகுப்புக்கு வரும் பாட்டியின் ஒரு நாள் கூலி பலருக்குத் தோன்றுவதில்லை.

நான்காவது, யாரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்பது. தலைமையாசிரியர் கையெழுத்து போதுமா, ஊர்ப் பங்காளிகளிடமும் சொல்ல வேண்டுமா?

கடைசியாக, மறுநாள் என்ன மிச்சம். ஒரு ஒலிப்பதிவு, ஒரு வரைபடம், ஒரு பட்டியல் என்று எதுவும் மிஞ்சாவிட்டால் அது சுற்றுலா. அதுவும் வேண்டியதுதான், ஆனால் அதை வரலாற்று வகுப்பு என்று பதிவேட்டில் எழுத வேண்டாம்.

| | அருங்காட்சியகம் | நடுகல் நடை | பெரியவர் வகுப்புக்கு | பழைய பள்ளி ஒரு நாள் |
|---|---|---|---|---|
| ஏற்ற வகுப்பு | 6க்கு மேல் | 7க்கு மேல் | 3 முதல் எல்லோரும் | 1 முதல் 8 |
| நேரம் | முழு நாள் | 2 முதல் 3 மணி | 40 நிமிடம் | அரை நாள் |
| பணம் | அதிகம் | ஏறத்தாழ இல்லை | காபி, கூலி | குறைவு. உழைப்பு அதிகம் |
| கேட்க வேண்டியவர் | துறை, பெற்றோர் | பங்காளிகள், பூசாரி, பெற்றோர் | அவர் வீட்டார் | தலைமையாசிரியர் |
| சொதப்பும் இடம் | கூட்டம், அவசரம் | வெயில், சீமைக்கருவேல முள் | பொதுப்படையான கேள்வி | நாடகமாகிவிடுவது |

## அருங்காட்சியகம்

நம் இரண்டு மாவட்டத்துக்கும் இது எட்டாத தூரமில்லை. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம், அதாவது அந்தத் துறையின் அருங்காட்சியகம், இருக்கிறது. சுற்றுவட்டாரத்து நடுகற்களைப் பக்கத்தில் நின்று பார்க்க இதைவிட வசதியான இடம் கிடையாது. கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம். ஓசூர் வழியாகப் போகிறவர்கள் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டையும், பென்னாகரம் பக்கம் போகிறவர்கள் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். சிவா அங்கேதான் 1925 ஜூலை 23 அன்று காலமானார்.

நாற்பது பேர் ஒரே அறைக்குள் ஒரே நேரத்தில் நுழைவதில்தான் பயணம் கெடுகிறது. முன்னால் இருப்பவர் பார்ப்பார், பின்னால் இருப்பவர் தள்ளுவார், இருபது நிமிடத்தில் வெளியே ஐஸ் வண்டியைச் சுற்றி நிற்பார்கள். மாற்று வழி எளிது. பத்துப் பத்துப் பேராக நான்கு குழு. ஒரு குழு உள்ளே, ஒன்று வாசலில் வரைந்தபடி, ஒன்று சாப்பாட்டில், ஒன்று கழிப்பறை வரிசையில். உள்ளே போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு பொருள். அதன் முன் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பென்சிலால் வரைய வேண்டும். பேனா வேண்டாம், மை கல்லில் பட்டால் போகாது. அறையில் இருக்கிற எல்லாவற்றையும் பார்க்கவில்லையே என்று ஆசிரியருக்குத்தான் மனசு அடித்துக்கொள்ளும், பிள்ளைக்கு இல்லை.

இன்னொரு ஏமாற்றம் மயிலாடும்பாறை. 2022 மே மாதம், அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததிலிருந்து, பர்கூர் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அங்கே போக வேண்டும் என்று ஆசை. போகலாம், பாறை ஓவியங்கள் இருக்கின்றன. ஆனால் அகழாய்வுக் குழிகளை வேலை முடிந்ததும் மூடிவிடுவது வழக்கம். 'நாலாயிரம் வருஷத்து இரும்பு' என்று சொல்லிக் கூட்டிப்போய் மேட்டுக்காட்டில் நிறுத்தினால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? அந்தச் செய்தியை வகுப்பிலேயே சொல்லிவிட்டு, ஒரு துருப்பிடித்த ஏர்க் கொழுவைக் கையில் கொடுங்கள்.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டைக் கோட்டைகள் எட்டாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம். ஏற்றம் செங்குத்து, மேலே நிழல் குறைவு. காலை ஏழு மணிக்கே அடிவாரத்தில் இருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்.

அருங்காட்சியகம் சரியான தேர்வாக இருப்பது இரண்டு இடங்களில். ஒன்று, குடும்பமாகப் போகும்போது. இரண்டு பிள்ளைகள், அவசரமில்லை, பஸ் டிக்கெட்டோடு செலவு முடிந்தது. இன்னொன்று ஓசூர் மாதிரித் தொழில் நகரத்துப் பள்ளி. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி வேறு மாநிலத்தில் இருப்பார்கள். அழைக்க ஆளில்லாதபோது பொருள்தான் பேச வேண்டும்.

## நடுகல் நடை

இந்த மண்ணுக்கென்று ஒரு சொத்து உண்டென்றால் அது நடுகல். ஊர் எல்லையில், ஏரிக்கரையில், புளியமரத்தடியில் சாய்ந்து நிற்கும். பல ஊரில் அதற்குப் பெயர் வேடியப்பன். பொங்கல் வைப்பார்கள், கிடா வெட்டுவார்கள், பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டிலேயே ஒரு வேடியப்பன் இருக்கலாம். அவனிடமிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

கல்லை எப்படிப் படிப்பது? எழுத்தை விடுங்கள், முதலில் உருவம். கையில் என்ன ஆயுதம், வில்லா, குறுவாளா? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? காலடியில் மாடுகள் தெரிகின்றனவா? மாடு இருந்தால் பெரும்பாலும் அது தொறுப்பூசல், அதாவது மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு நடந்த சண்டை. காலருகே சின்னதாகக் கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்ததும் 'டீ கெட்டில்' என்பார்கள், சிரித்துவிட்டு மேலே போகலாம். எழுத்து இருந்தால் பழைய கற்களில் அது வட்டெழுத்தாக, அதாவது தமிழ் எழுதிய ஒரு பழைய எழுத்து வகையாக, இருக்கும். ஓசூர்ப் பக்கம் கன்னட எழுத்துள்ள கற்களும் உண்டு. வாசகத்தின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊர்த் தொறுவைக் கொண்டுபோனபோது, அதை மீட்டுப் பட்டான் இன்னான், அவன் கல் இது. 'பட்டான்' என்றால் செத்தான். 'மரம் பட்டுப்போச்சு' என்று வீட்டில் சொல்கிறோமே, அதே பட்டதுதான். இந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள், கல்லுக்கும் பிள்ளைக்கும் நடுவே இருக்கும் தூரம் சட்டென்று குறையும்.

தொல்காப்பியம் கல் நடுவதை ஆறு கட்டமாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீரில் ஆட்டுவது, நடுவது, படையல் வைப்பது, வாழ்த்துவது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரை நிறுத்தி இதை நடித்துக் காட்டச் சொல்லலாம். நடிப்பை மட்டும் பள்ளி மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கல்லின் முன்னால் வேண்டாம். அது சாமி.

இங்கேதான் வெளியே தெரியாத செலவு. ஒரு வாரம் முன்பே அந்தக் கல்லைக் கும்பிடும் பங்காளிகள் வீட்டில் சொல்ல வேண்டும். "அண்ணா, சனிக்கிழமை காலைல பசங்கள வேடியப்பங்கிட்ட கூட்டிட்டு வரலாமா? செருப்ப வெளிய விட்டுடுவோம், எதையும் தொட மாட்டோம்" என்றால் மறுப்பவர் குறைவு, பல சமயம் அவர்களே வந்து கதை சொல்வார்கள். சொல்லாமல் போனால் ஆசிரியர் அடுத்த கிராம சபைக் கூட்டம் வரைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கிடா வெட்டும் நாளைத் தவிருங்கள்.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்புக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. எண்ணெய் கல்லுக்குள் இறங்கி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்புக்கட்டியை அழிக்கத் தேய்க்கும்போது எழுத்தின் விளிம்பும் தேயும். வெளிச்சம் போதும். காலை எட்டு மணிக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் சாய்வெயில் விழும்போது பள்ளமெல்லாம் நிழலாகி எழுத்து தானாக எழுந்து நிற்கும். மற்ற நேரத்தில் செல்போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போலப் பிடித்து, மற்றொரு பக்கம் குடையால் மறைத்தால் அதே வேலையைச் செய்யும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. மண்ணில் பாதி புதைந்திருந்தால் தோண்டாதீர்கள். யாரும் பதிவு செய்யாத கல் என்று தோன்றினால், பக்கத்தில் ஒரு அடிக்கோலை நிறுத்திப் படம் எடுத்து கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் சொல்லுங்கள். பள்ளிக்குத் தூக்கி வந்து வாசலில் நட்டுவைப்பது நல்லெண்ணம்தான். ஆனால் கல் எங்கே நின்றது என்பதில்தான் பாதி வரலாறு இருக்கிறது.

நடக்கும் தூரம் போக வர மூன்று கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். தை, மாசி நல்ல காலம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், பத்துப் பேருக்கு ஒரு பெரியவர். கல் இருக்கும் புதருக்குள் முந்தின நாளே ஒருவர் போய்க் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்த்து வர வேண்டும். பார்த்தீனியம் மண்டிக் கிடந்தால் தோல் அரிப்பு உள்ள பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

கல் இல்லாத ஊர் என்ன செய்யும்? கிருஷ்ணகிரிப் பக்கம் கற்திட்டைகள், அதாவது பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்கள், உண்டு. மல்லசந்திரத்தில் கூட்டமாகவே இருக்கின்றன. காவேரிப்பட்டினம் பக்கத்துப் பெண்ணேஸ்வரமடத்தில் கோயிலோடு நடுகற்களும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் வண்டி ஏற வேண்டுமென்றால் அது நடை இல்லை; செலவுக் கணக்கு மேலே சொன்ன அருங்காட்சியகக் கணக்காகிவிடும்.

## பெரியவரை வகுப்புக்கு அழைப்பது

ஒரே ஒரு வழிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தருமபுரியில் ஆயா, கிருஷ்ணகிரியில் சில வீட்டில் அவ்வா, சில வீட்டில் அஜ்ஜி, உருது பேசும் வீட்டில் நானி. யாரானாலும் சரி. தெலுங்கில் படித்தவர், கன்னடத்தில் படித்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. எல்லையோரத்தில் பள்ளிக்கூடம் ஒரே மொழியில் இருந்ததில்லை என்பதைப் பிள்ளைகள் அவர்கள் வாயாலேயே கேட்கலாம்.

அழைத்த நிகழ்ச்சி பாதி இடங்களில் சொதப்புவதற்குக் காரணம் கேள்வி. "உங்க காலத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சு ஆயா?" என்று கேட்டால் "அப்பல்லாம் ரொம்ப கஷ்டம் சாமி" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். பொருளையும் உடம்பையும் பற்றிக் கேளுங்கள்:

- புத்தகத்தை எதில் எடுத்துப் போனீங்க, மஞ்சப்பையா, கையிலேயா?
- மதியம் என்ன சாப்பிட்டீங்க? பள்ளியில் போட்டாங்களா, வீட்டுக்களியா?
- எங்க உட்கார்ந்தீங்க? பக்கத்துல யாரு?
- வாத்தியார் அடிச்சா எங்க அடிப்பாரு?
- எந்த வகுப்போட நின்னீங்க? அந்த நாள் என்ன நடந்துச்சு?

கடைசிக் கேள்வியில் பதில் நீளும். மாடு மேய்க்க ஆள் இல்லை, தம்பி பிறந்தான், பெரியவளாகிவிட்டேன் என்று வரும். சில ஆயா பள்ளிக்கூடமே போகாதவராக இருப்பார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டுப் படித்த தாத்தாவைத் தேட வேண்டாம். ஏன் போகவில்லை என்று அவர் சொல்வது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பள்ளி வரலாறு. "எங்கள உள்ள விடல, வெளிய உட்கார வச்சாங்க" என்றும் ஒருவர் சொல்லலாம். அப்படி வந்தால் பேச்சை மாற்றாதீர்கள். ஆனால் யார் விடவில்லை என்று பெயர் சொல்லத் தொடங்கினால், அந்தப் பெயரின் பேரப்பிள்ளை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பான் என்பதை ஆசிரியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முந்தின நாளே வீட்டில் போய் ஒருமுறை பேசி வந்தால் இது முன்கூட்டியே தெரியும்.

ஆண்டு அவருக்கு நினைவிருக்காது. கேட்டு நச்சரிக்காமல், இந்த அடையாளங்களைக் கரும்பலகையில் எழுதி வையுங்கள், அவரே பொருத்திக்கொள்வார். காலையோ மாலையோ மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி, மீதி நேரம் வீட்டுத்தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்தது 1953. குலக்கல்வி என்று எதிர்ப்பு கிளம்பி, 1954-ல் காமராஜர் வந்ததும் கைவிடப்பட்டது. 1957 ஏப்ரல் 1 அன்று அணா போய் நயா பைசா வந்தது. 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் ஜில்லா. பழைய சான்றிதழில் அப்படித்தான் இருக்கும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம். யானைத் தும்பிக்கை போல வளைந்த கொம்புள்ள 'லை', 'னை' எழுதக் கற்றவர் அதற்கு முன்னால் படித்தவர். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு. "நீங்க படிக்கறப்போ அணாவா, பைசாவா?" என்றால் போதும், பத்து வருடத்துக்குள் ஆண்டு வந்து நிற்கும்.

பணம் அதிகமில்லை என்று அட்டவணையில் போட்டோம். ஆனால் நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில் அழைத்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும். வேலை இல்லாத நாளாகப் பார்த்து, இல்லையென்றால் மூன்று மணிக்கு மேல் அழையுங்கள். கேழ்வரகு அறுவடை, மாங்காய் பறிப்பு நேரத்தில் யாரும் வரமாட்டார்கள், வருத்தப்படவும் கூடாது. உட்காரக் கைவைத்த நாற்காலி, பக்கத்தில் தண்ணீர், காது மந்தமானவர் என்றால் கேள்வி கேட்கும் பிள்ளை எழுந்து பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும். நாற்பது நிமிடம் எல்லை. செல்போனில் ஒலிப்பதிவு செய்யும் முன் கேளுங்கள். போனை மேசையில் வைக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் மேசை ஆடும் சத்தம்தான் பதிவாகும். மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவின் பிரதி அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

இதோடு ஒட்டியது பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. நூறு வயதைத் தாண்டிய பள்ளி என்றால் பீரோவில் பொன்னே இருக்கிறது. பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், அதில் சாதியும் முகவரியும் இருக்கும். ஆசிரியரே எண்களை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம்: பத்து வருடத்துக்கு ஒருமுறை எத்தனை பையன்கள், எத்தனை பெண்கள், நின்றதற்கு என்ன காரணம். பிறந்த தேதி பலருக்கும் ஜூன் மாதமாகவே இருப்பதைப் பிள்ளைகள் கவனித்துக் கேட்பார்கள். தேதி தெரியாத காலத்தில், வலது கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்டு, பள்ளி திறக்கும் மாதத்தையே எழுதிவிட்ட கதையைச் சொல்லுங்கள். அடுத்த நிமிடம் வகுப்பே காதைத் தொட்டுப் பார்க்கும்.

## பழைய பள்ளி ஒரு நாள்

சின்ன வகுப்புகளுக்கு இதுதான். திண்ணைப் பள்ளிக்கூடம் என்றதும் பலர் வேட்டி, குடுமி, பிரம்பு என்று ஆண்டுவிழா நாடகமாக்கிவிடுவார்கள். உடை வேண்டாம். பொருளும் வேலையும் போதும்.

தொடங்கும் முன் ஒரு கணக்கு. 1792-ல் நம் பகுதியை உள்ளடக்கிய பாரமகால் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு வந்தபோது, நிர்வாகத்தைக் கவனித்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தருமபுரியில் இருந்தவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை ஆளுநரானதும் 1822-ல், மாகாணம் முழுக்க எத்தனை நாட்டுப்பள்ளிகள் இருக்கின்றன என்று எண்ணச் சொன்னார். வந்த கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்கள் 4,540. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பள்ளிக்குச் சராசரி பதினைந்து பேர். ஏறக்குறைய 41 பேருக்கு ஒரு பெண். இப்போது நாற்பது பேர் வகுப்பில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, ஒரே ஒரு சிறுமியைத் தவிர மற்றப் பெண்களையெல்லாம் வெளியே வராந்தாவுக்கு அனுப்புங்கள். ஒரு நிமிடம் போதும். பிறகு அழைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பதினைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சட்டாம்பிள்ளை. மூத்த மாணவர் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்தக் காலத்து முறை. நான்கு வேலைகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம்.

மணல். ஆளுக்கு ஒரு தட்டு, இரண்டு கிலோ சலித்த ஆற்று மணல். எம்-சாண்ட் வேண்டாம், கூர்முனை விரலைக் கிழிக்கும். தட்டில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மேல் மணல் இருந்தால் எழுத்து சரிந்துவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்தால் நிற்கும். ஆத்திசூடி முதல் வரியைச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். போகிற போக்கில் ஒன்று: அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவை சங்க காலத்தவர், ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். இருவரையும் ஒருவராக்கிச் சொல்லும் சுவரொட்டிகள் நம் பள்ளிகளிலேயே உண்டு.

பலகை. கல்பலகையும் பல்பமும் இன்னும் கடையில் கிடைக்கின்றன. பல்பத்தைத் தின்னும் பிள்ளை வகுப்புக்கு இரண்டு பேர் நிச்சயம், கண்ணில் வையுங்கள். பலகைக்குக் கறுப்பேற்றக் கோவையிலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து இடித்துத் தேய்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஊமத்தை இலையும் சேர்த்தார்கள். அது விஷம், வேண்டாம். காய ஒரு மணி நேரமாகும் என்பதால் இந்த வேலையைக் காலையில் முதலில் வையுங்கள்.

ஓலை. இதற்கு ஒரு வாரம் முன்பே தயாராக வேண்டும். முற்றிய பச்சை ஓலை நரம்போடு பிளந்துவிடும், குருத்தோலைக்கு அடுத்த இளம் ஓலையாக வெட்டி, மூன்று நாள் நிழலில் உலர்த்தி, மஞ்சள் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வைத்து, மறுபடி உலர்த்திப் புத்தகங்களுக்கு அடியில் அழுத்தி வைக்க வேண்டும். எழுத்தாணி கூர்மையானது, பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா போதும். எழுதியது முதலில் கண்ணுக்குத் தெரியாது. விளக்குக்கரியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்துத் தடவித் துணியால் துடைத்தால் எழுத்துக் கோட்டில் மட்டும் கறுப்பு நிற்கும். அந்த நொடிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். 'க்' எழுதப் புள்ளி குத்தியவன் ஓலையில் ஓட்டை விழுந்து விழிப்பான். ஏடுகளில் புள்ளி ஏன் இருக்காது என்று இனி அவனிடம் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு. எடைக்கு வீசை, பலம்; காசுக்கு அணா. நாற்பது பலம் ஒரு வீசை, பதினாறு அணா ஒரு ரூபாய். ஒரு வீசை புளி ஒரு ரூபாய் நாலணா என்றால் பத்துப் பலம் என்ன விலை? ஐந்தணா. முதலில் திணறுவார்கள், பிறகு இருபதணாவை நாலாக வகுக்கலாம் என்று ஒருவர் கண்டுபிடிப்பார். கீழ்வாய் இலக்கத்தில், அதாவது பழைய பின்னக் கணக்கில், மாகாணி பதினாறில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம், ஒரு சப்பாத்தியைப் பதினாறாகக் கிழித்து மாகாணியைக் காட்டினால் போதும்.

கோதண்டம் போன்ற தண்டனைகளை விளையாட்டுக்கும் செய்து காட்டக் கூடாது. கயிற்றில் தொங்கவிட்டார்கள் என்று வாயால் சொன்னாலே வகுப்பு அமைதியாகிவிடும். பிரம்பை யார் கையிலும் கொடுக்காதீர்கள். சட்டாம்பிள்ளையாக இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பையன் பதினைந்தே நிமிடத்தில் நிஜமாகவே அடிக்கத் தொடங்குவான்.

இந்த நாளின் செலவு பணத்தில் இல்லை. மணல் சலிக்க, ஓலை கொதிக்க வைக்க, பிறகு வகுப்பறையைக் கழுவ என்று ஆசிரியருக்கு மூன்று மாலைகள் போகும். ஓராசிரியர் பள்ளியில் நான்கையும் ஒரே நாளில் செய்ய முயல வேண்டாம். வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

## எதை எப்போது

கிராமத்து அரசுப்பள்ளி, தொடக்க வகுப்புகள்: பழைய பள்ளி நாள், அதற்கு அடுத்த வாரமே ஒரு ஆயா. பலகையில் எழுதிப் பார்த்த பிள்ளைக்குத்தான் ஆயாவிடம் கேட்கக் கேள்வி இருக்கும்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகள்: முதல் பருவத்தில் பெரியவர், தை மாதம் நடுகல், அதன் பிறகுதான் பஸ். நடுகல்லில் சாய்வெளிச்சத்தில் எழுத்தைத் தேடிய பிள்ளைகள் தருமபுரி அகழ்வைப்பகத்தில் வேறு மாதிரி நிற்பார்கள். ஒன்பதாம் வகுப்பு என்றால் தொரப்பள்ளி வீட்டு வாசலில் உட்கார்ந்து அரைநாள் பள்ளித் திட்டத்தைப் பற்றிப் பேச வைக்கலாம். ஆதரித்து நாலு பேர், எதிர்த்து நாலு பேர்.

வீட்டில் ஒரு பிள்ளையோடு என்றால் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பீரோவைத் திறந்து தாத்தாவின் பழைய சான்றிதழை எடுங்கள். 'சேலம் ஜில்லா' என்று இருக்கிறதா பாருங்கள்.

பஸ் என்று முடிவு செய்தவர்களுக்கு: அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனிக்கிழமையிலும் கதவு சாத்தியிருக்க வாய்ப்புண்டு. தொல்லியல் துறையின் விடுமுறை நாள் வேறாக இருக்கலாம். வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.